முதல் ஏ.ஏ. கூட்டம்: கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை பக்கம் யாராவது போயிருக்கிறீர்களா?

கேள்வி, 2024 ஜூன் 9

வயது 34. கேரள எல்லையில் கோபாலபுரம் செக்போஸ்ட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே எங்கள் ஊர். தினமும் குடிக்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரிச் சுவரில், குடியை நிறுத்த நினைப்பவர்களுக்கு ஏ.ஏ. கூட்டம் என்று ஒரு நோட்டீஸ் பார்த்தேன், பாதி கிழிந்திருந்தது. எங்கே நடக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? போனால் என்ன செய்வார்கள்? ஆதார் கேட்பார்களா? அது மதம் மாற்றுகிற கூட்டம் என்கிறார் மாமா. மலையாளம் புரியும், பேச வராது. தெரிந்தவர்கள் சொல்லவும்.

2024 ஜூன் 9, இரவு 10.40

ஆதார் கேட்க மாட்டார்கள். பெயர்கூட நீங்கள் சொல்வதுதான். நான் முதல் நாள் பொய்ப் பெயர் சொன்னேன். மூன்றாவது வாரம் அந்தப் பெயரில் யாரோ கூப்பிட, நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. சிரித்தார்கள், அதோடு சரி.

நான் எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரன். தேங்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். 2021 டிசம்பரில் முதல் கூட்டம். நடுவில் வழுக்கி விழுந்ததும் உண்டு, அதை அப்புறம் சொல்கிறேன்.

கண்டுபிடிப்பது சுலபம். ஏ.ஏ. என்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் இந்திய அலுவலகம் மும்பையில் இருக்கிறது. அவர்களுடைய இணையப் பக்கத்தில் மாநில வாரியாகத் தொடர்பு எண்கள் கிடைக்கும். பட்டியலை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். பெரும்பாலும் ஏதாவது ஹாலில் நடத்துவார்கள். கல்யாணம், திருவிழா என்றால் இடமோ நேரமோ மாறிவிடும். போன் செய்து அந்த வாரம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

போன் செய்வதுதான் கஷ்டம். நான் மூன்று தடவை மணி அடித்ததும் கட் செய்தேன். நான்காவது தடவை அவர் சட்டென்று எடுத்துவிட்டார். எனக்கு வாய் வரவில்லை. "தேங்காய் என்ன விலை போகுது?" என்று கேட்டேன். சத்தியமாக. அந்தப் பக்கம் ஒரு நொடி அமைதி. பிறகு மலையாளத்தில், "விலை தெரியாது, கூட்டம் ஏழு மணிக்கு" என்றார். அவரும் ஒரு காலத்தில் இப்படி எதையாவது கேட்டவராகத்தான் இருக்க வேண்டும்.

இரண்டு யோசனை. ஒன்று, கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே குடியை நிறுத்திவிடுங்கள், முகம் தெளிவாக இருக்கும். இரண்டு, உள்ளூர்க் கூட்டத்துக்குப் போகாதீர்கள். பாலக்காடு டவுன், இல்லாவிட்டால் கோயம்புத்தூர். தெரிந்த முகம் இருக்காது. நமக்கு மானம்தானே பெரிசு.

2024 ஜூன் 10, மதியம்

உள்ளே என்ன நடக்கும் என்று கேட்டிருந்தீர்கள். மண்டியில் இன்று லோடு இல்லை, எழுதுகிறேன்.

நான் போனது பாலக்காட்டில், ஒரு சர்ச்சை ஒட்டிய ஹால். பதினைந்து பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மேசை. சுவரில் துணி பேனர் இரண்டு: ஒன்றில் குடியிலிருந்து மீள்வதற்கான பன்னிரண்டு படிகள், இன்னொன்றில் கூட்டம் நடத்துவதற்கான பன்னிரண்டு மரபுகள். மேசைக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்து நடத்துவார். அவர் தலைவர் இல்லை, அன்றைக்கு அவர் முறை, அவ்வளவே. கொஞ்ச நேரம் மௌனம். யாராவது ஒருவர் முன்னுரை வாசிப்பார். அப்புறம் ஒவ்வொருவராகத் தன் பெயரைச் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்று சொல்லிப் பேசுவார்கள். மொத்தம் ஒன்றரை மணி நேரம்.

ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே பேச மாட்டார். புத்தி சொல்ல மாட்டார். எனக்கு இதுதான் அதிசயமாக இருந்தது. பதினெட்டு வருஷமாக எனக்குப் புத்தி சொல்லாத ஆள் கிடையாது. பலசரக்குக் கடைக்காரர் மீதிச் சில்லறை தரும்போதுகூடச் சொல்வார். இங்கே ஒரு அறை நிறையக் குடித்தவர்கள், ஒருவரும் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

என் முறை வந்தது. எழுந்தேன், உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த பெரியவர் என் தொடையில் தட்டி, "கேட்டா மதி" என்றார். தமிழ்நாட்டுப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்கிறேன், மலையாளத்தில் மதி என்றால் போதும்.

அங்கே கேட்டது அங்கேயே என்பது வழக்கம். அதனால் மற்றவர்கள் சொன்னதை எழுத மாட்டேன். அன்று ஒருவருடைய பேச்சில் கொலுசு என்ற சொல் வந்தது என்பதை மட்டும் சொல்லலாம் என்று நினைக்கிறேன். கொலுசுக்கு மலையாளத்திலும் கொலுசுதான். அந்தச் சொல் காதில் விழுந்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. என் மகளுடைய கொலுசை நான் விற்றிருக்கிறேன். விற்றது பெரிய விஷயமில்லை. இரண்டு நாள் வீடு முழுக்க என் மனைவி தேடினாள், நானும் அவளோடு சேர்ந்து தேடினேன். பீரோவைச் சுவரிலிருந்து நகர்த்தி, டார்ச் அடித்து, உள்ளே கையை விட்டு. "குழந்தை எங்கே கழற்றிப் போட்டதோ" என்று குழந்தையைத் திட்டினேன். இதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை. ஆனால் சொல்லக்கூடிய ஓர் இடம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வந்தேன்.

கடைசியில் ஒரு துணிப்பை சுற்றி வரும். முதல் தடவை வருகிறவர்கள் போட வேண்டியதில்லை. வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்களுடைய ஏழாவது மரபு, வாடகையும் டீயும் அந்தப் பையிலிருந்துதான். நான் கௌரவத்துக்குப் பத்து ரூபாய் போட்டேன். பிறகு கட்டன் சாயா (பால் இல்லாத டீ), பிஸ்கட்.

தமிழில் பேசலாம். பாலக்காட்டுக்காரர்களுக்குப் புரியும். திருச்சூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் மட்டும் "மெல்லெ, மெல்லெ" என்பார்.

2024 ஜூன் 11

மாமாவின் சந்தேகத்துக்கு. ஹால் சர்ச்சுடையது, வாடகை குறைவு, அவ்வளவுதான். இந்த இயக்கம் 1935இல் அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் ஊரில் தொடங்கியது. பங்குச் சந்தையில் வேலை பார்த்த ஒருவரும் ஒரு அறுவை மருத்துவரும், இரண்டு பேருமே முழுக் குடிகாரர்கள், உட்கார்ந்து ஒருவரோடு ஒருவர் பேசியதிலிருந்து. இந்தியாவுக்கு 1957இல் வந்தது. படிகளில் கடவுள் வருவார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவரவர் புரிந்துகொண்டபடியான கடவுள். எங்கள் கூட்டத்தில் மாலை போட்ட சாமி உண்டு, நோன்பு திறந்துவிட்டு வருகிறவர் உண்டு, கட்சித் தோழரும் உண்டு. கடவுள் என்று வரும் இடத்தில் தோழர் "கூட்டம்" என்று வாசித்துக்கொள்வார். யாரும் தடுத்ததில்லை.

சேருவதற்கு ஒரே தகுதி குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை. நிறுத்தியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை.

2024 ஜூன் 12, காலை 5.15

தூக்கம் வரவில்லை. முதல் குறிப்பில் ஒரு பெரிய தப்பு எழுதிவிட்டேன். இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள் என்று. அப்படிச் செய்யாதீர்கள். தினமும் குடிக்கிறேன் என்று நீங்கள் எழுதியிருந்தது நேற்று ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது.

காலையில் கை நடுங்குகிறதா, ஒரு கட்டிங் போட்டால்தான் டம்ளரைச் சிந்தாமல் பிடிக்க முடிகிறதா? அப்படியென்றால் முதலில் டாக்டர், பிறகு கூட்டம். அந்த மாதிரி உடம்பில் சட்டென்று நிறுத்தினால் முதல் நாளே நடுக்கமும் வியர்வையும் வரும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது மூன்றாவது நாளுக்கு மேல் சித்தம் கலங்கி, இல்லாதது கண்ணுக்குத் தெரியலாம். உயிர் போகிற விஷயம்.

எனக்கு வந்தது. 2020 மார்ச் 24 ராத்திரி பிரதமர் ஊரடங்கு என்றார். மறுநாள் பீவரேஜ் கடை, அதாவது கேரள அரசின் மதுக்கடை, மூடல், கள்ளு ஷாப்பு மூடல், எல்லையும் மூடல். வீட்டில் அரை பாட்டில் இருந்தது, அன்றே முடிந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் சுவர் முழுக்க எறும்பு. கட்டெறும்பு, வரிசையாக இல்லை, கொதிக்கிற மாதிரி. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். போய்த் துடைப்பம் எடுத்து வந்து சுவரைக் கூட்டினாள். "போயிருச்சுங்களா?" என்று கேட்டாள். "அந்த மூலையில இருக்குது" என்றேன். அங்கேயும் கூட்டினாள். அரை மணி நேரம் இல்லாத எறும்பைக் கூட்டிவிட்டு, பக்கத்து வீட்டு ஆட்டோக்காரரை எழுப்பினாள்.

அரசு ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். வைட்டமின் பி1 ஊசி, நடுக்கத்துக்கு மாத்திரை, அந்த மாத்திரையை நாளுக்கு நாள் குறைத்துக் கொடுத்தார்கள். அதே சமயம்தான் டாக்டர் சீட்டு இருந்தால் சாராயம் தரலாம் என்று கேரள அரசு உத்தரவு போட்டதும், ஏப்ரல் 2ஆம் தேதி உயர் நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்ததும். வார்டில் அந்தச் செய்தி வந்தபோது நான்கு கட்டிலில் நான்கு பேர் படுத்திருந்தோம். ஒருவர், "நம்ம கேஸுதான் ஓடிட்டிருக்குது" என்றார்.

மன நல டாக்டர் இருக்கிற அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகும் முன் யாரிடமாவது கேட்க வேண்டுமென்றால் 14446, மத்திய அரசின் போதை மீட்பு எண், காசில்லை. கேரளத்தில் மாநில அரசின் விமுக்தி எண் 14405. மனசு ரொம்பக் கெட்டுப்போனால் 14416.

இன்னொன்று. குடித்துவிட்டுப் போனாலும் கூட்டத்தில் விரட்ட மாட்டார்கள், சும்மா உட்கார்ந்து கேட்கச் சொல்வார்கள். முகத் தெளிவெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. எதற்கு அப்படி எழுதினேனோ.

2024 ஜூன் 16

"கள் மது இல்லை, உணவு. பிராந்தியை விட்டுக் கள்ளுக்கு மாறினால் போதும், கூட்டம் எதற்கு?" என்று ஒரு நண்பர் மேலே எழுதியிருக்கிறார்.

எட்டு மாதம் அதைச் செய்து பார்த்தவன் நான். வீட்டிலும் அப்படித்தான் சொல்லியிருந்தேன், குடியை விட்டாச்சு, கள்ளு மட்டும்தான் என்று. காலையில் ஒரு பாட்டில், மதியம் கப்பைக்கிழங்கோடு இரண்டு, அந்திக்கள்ளு கணக்கில் வராது. மரத்திலிருந்து சொட்டும்போது தெளுவு, அதாவது இனிப்பான பதநீர், பானையில் விழுந்ததுமே நொதிக்க ஆரம்பித்துவிடும். சில மணி நேரத்தில் நூற்றுக்கு நான்கு பங்குக்குக் கிட்டே சாராயச் சத்து, புளிக்கவிட்டால் இன்னும் ஏறும். ஆறு பாட்டில் உணவை ஒரு மனுஷன் எதற்குச் சாப்பிடுகிறான்?

எங்கள் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர்ப் பக்கத்திலிருந்துதான் கேரளத்தில் பல மாவட்டங்களுக்குக் கள் போகிறது. மரமேறுகிறவர்கள் பிழைப்பு அதில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1987இல் தடை செய்தது சரியா தப்பா, திறக்க வேண்டுமா கூடாதா என்று விவசாயிகள் பேசுவதில் எனக்கு ஒரு வம்பும் இல்லை. உங்களுக்கு அது உணவாக இருக்கலாம். எனக்கு அது பிராந்தி கடைக்குப் போகிற குறுக்குச் சந்து.

எல்லையில் இருக்கிறவனுக்கு இன்னொரு வசதி. ஒன்றாம் தேதி கேரளத்தில் பீவரேஜ் அடைப்பு, உடனே அந்தப் பக்கம் டாஸ்மாக். காந்தி ஜெயந்திக்கு இரண்டு பக்கமும் அடைப்பு, ஆகவே முந்தின நாளே இரட்டிப்பாக வாங்குவது என்று நினைப்போம். அப்போதுதான் ஞாபகம் வரும், முந்தின நாள் அக்டோபர் ஒன்று. சரி, டாஸ்மாக். இந்த விஷயத்தில் என் மூளை மண்டிக் கணக்கைவிடக் கூர்மையாக வேலை செய்தது.

2024 ஜூன் 21

கள்ளக்குறிச்சிச் செய்தி பார்த்துக்கொண்டிருக்கிறேன். எழுத ஒன்றும் தோன்றவில்லை. ஒன்று மட்டும்: மெத்தனால் கலந்ததைக் குடித்தவருக்குக் கண் மங்கும், வயிறு வலிக்கும், வாந்தி வரும். தூங்கினால் சரியாகும் என்று விடக்கூடாது, அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. போலீஸ் கேஸாகுமே என்று வீட்டில் வைத்துக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும்.

இன்று கூட்டத்தில் மௌனம் வழக்கத்தைவிட நீண்டது.

2024 ஜூன் 30, இரவு

கேள்வி கேட்ட தம்பி டாக்டரிடம் போய்விட்டார், மாத்திரை ஓடுகிறது என்று எழுதியிருக்கிறார். இனி எந்தக் கூட்டம் என்று கேட்கிறார். முதல் குறிப்பில் நான் சொன்ன இரண்டாவது யோசனையையும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். தூரமாகப் போகாதீர்கள்.

காரணம் பஸ்.

பாலக்காட்டுக் கூட்டம் ஏழுக்குத் தொடங்கி எட்டரைக்கு முடியும். ஸ்டேடியம் ஸ்டாண்டுக்கு நடந்து வந்தால் எட்டே முக்கால். கொழிஞ்சாம்பாறை வழி பொள்ளாச்சி பஸ் எப்போது எடுப்பான் என்பது கண்டக்டருக்கே தெரியாது. ஸ்டாண்டைச் சுற்றி எங்கே என்ன கிடைக்கும் என்பது எனக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்கு மேல். வழியில் தத்தமங்கலம், சித்தூர் என்று எனக்கு ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு கடை ஞாபகம் இருந்தது. ஊர்ப் பெயரே எனக்குக் கடைப் பெயராகத்தான் கேட்கும். மதியம் இரண்டு மணிக்குச் சாப்பிட்டது. வீட்டில் பாலக்காட்டில் வசூலுக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு வந்தது. பக்கத்து சீட்டில் பேச ஆள் இல்லை. கூட்டத்தில் ஒரு எச்சரிக்கை அடிக்கடி சொல்வார்கள்: பசி, கோபம், தனிமை, அசதி, இந்த நாலில் ஒன்று இருந்தாலே ஜாக்கிரதை என்று. அந்த பஸ்ஸில் எனக்கு நாலும் டிக்கெட் எடுத்து உட்கார்ந்திருக்கும்.

நாலாவது வாரம் சித்தூரில் இறங்கினேன். ஒன்றும் நினைக்கவில்லை. கால் இறங்கியது. கூட்டத்தில் கொடுத்த எண் எழுதின சீட்டு சட்டைப் பையில் இருந்தது, அதே பையிலிருந்துதான் காசும் எடுத்தேன். அந்த ராத்திரி வீட்டுக்குப் போகவில்லை. கூட்டம் எனக்குச் சரிப்படவில்லை என்று முடிவு கட்டி ஐந்து மாதம் குடித்தேன். கூட்டத்தின் மேல் பழி போட வசதியாக இருந்தது. பழி போக வேண்டியது எட்டே முக்கால் மணிக்கு அந்த ஸ்டாண்டில் தனியாக நின்றதன் மேல்.

ஆகவே இடம் பார்க்கும்போது திரும்பி வருகிற வழியைப் பாருங்கள். எத்தனை மணிக்கு முடிகிறது, பஸ் இருக்கிறதா, எத்தனை கடையைத் தாண்ட வேண்டும், கூட வர ஆள் உண்டா. போகும்போது யாரும் குடிக்க மாட்டான், பயம் இருக்கும். திரும்பும்போதுதான். பையில் வேர்க்கடலையோ வாழைப்பழமோ வைத்துக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள், பழம் என்னை இரண்டு தடவை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது.

உங்கள் ஊர்ச் சாலையில் பஸ்ஸே இல்லை என்றால் போனில் நடக்கிற கூட்டம் இருக்கிறது. கொரோனா சமயத்தில் ஜூமில் தொடங்கியது, தமிழிலும் நடக்கிறது. அது உதவும். ஆனால் கூட்டம் முடிந்து திரையை அணைத்தால் அறையில் நீங்கள் மட்டும்தான், கட்டன் சாயா கிடையாது.

2024 ஜூலை 1

இன்று ஒன்றாம் தேதி. மண்டியில் ஒரு லோடுமேன் காலையிலேயே என்னிடம் வந்து, "அண்ணா, பைக் சாவி கொடுங்க, பொள்ளாச்சி வரைக்கும் போயிட்டு வந்துடறேன்" என்றான். எதற்கு என்று கேட்கவில்லை. பெட்ரோல் இல்லை என்றேன். இருந்தது.

2024 ஜூலை 14

ஒரு பழைய பொய்யைத் திருத்த வேண்டும். முதல் குறிப்பில் "நமக்கு மானம்தானே பெரிசு" என்று எழுதினேன். என் மானம் அப்போது எந்த நிலையில் இருந்தது என்று எங்கள் தெருவுக்கே தெரியும். ஓணத்தன்று சாக்கடை ஓரம் கிடந்தவனை யார் பார்த்துவிடப் போகிறார்கள்? நான் உள்ளூர்க் கூட்டத்துக்குப் போகாததற்குக் காரணம் கடன். 2,300 ரூபாய்.

நாலு கிலோமீட்டரில் ஒரு கூட்டம் இருந்தது. வெளியே நின்று பார்த்தேன், ஜன்னல் வழியாக ஒருவர் தெரிந்தார். மாட்டுத்தீவனக் கடை வைத்திருப்பவர். அவரிடம் இரண்டு மூட்டைப் பிண்ணாக்கு கடனாக வாங்கி, அதைப் பாதி விலைக்கு வேறொரு வீட்டில் விற்றுக் குடித்திருந்தேன். எங்களிடம் மாடே கிடையாது. அவருக்கும் அது தெரியும். பாலக்காட்டுக்கு நான் ஓடியது அவரிடமிருந்து. மானம் என்று எழுதினால் பெரிய மனுஷன் மாதிரி இருக்கிறது, அதனால் அப்படி எழுதிவிட்டேன்.

ஐந்து மாதம் குடித்து முடித்து 2022இல் அங்கேயே போனேன். கூட்டம் முடிந்ததும் அவரே வந்து டீ கொடுத்தார். பணத்தைப் பற்றிப் பேச்சில்லை. "எந்த வழியாப் போறே?" என்று கேட்டார். சொன்னேன். "நானும் அந்த வழிதான்" என்றார். அவர் வீடு எதிர்ப் பக்கம். ஸ்கூட்டரில் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போனார். பதினொரு வாரம் அப்படிச் செய்தார்.

பணத்தை அடுத்த வருஷம் கொடுத்தேன். ஒன்பதாவது படி வந்தபோது. கெடுதல் செய்தவர்களுக்கு ஈடு செய்வது அந்தப் படி. எண்ணிப் பார்த்தார், இருநூறு குறைகிறது என்றார். குறைந்தது. மறுநாள் கொடுத்தேன்.

2024 ஜூலை 14, இன்னும் கொஞ்சம்

மகள் கொலுசு பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். வாங்கிக் கொடுத்தேன். அவளுக்கு இப்போது பதினேழு, கொலுசு போடுகிற வயசில்லை என்கிறாள். டப்பாவில் இருக்கிறது.

2024 ஆகஸ்ட் 4

தம்பியின் வீட்டிலிருந்து ஒரு கேள்வி வந்திருக்கிறது, அவர் மனைவி எழுதியதாகத் தெரிகிறது. பஸ் ஸ்டாண்டில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறதாம், குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கிற பொடி, கலக்கலாமா என்று.

வேண்டாம் தங்கச்சி. அந்தப் பொடிகளில் என்ன இருக்கிறது என்று யாரும் எழுதி ஒட்டுவதில்லை. டைசல்ஃபிராம் என்று ஒரு மாத்திரை உண்டு. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழுந்துவிடும். சாப்பிடுகிறவருக்குத் தெரிந்து, டாக்டர் பார்வையில் சாப்பிட வேண்டியது அது. தெரியாமல் கலந்து, அவர் வெளியே போய்க் குடித்தால் உயிருக்கே ஆபத்து. எனக்கும் ஒரு தடவை சாம்பாரில் ஏதோ கலந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதன் பிறகு ஒரு வருஷம் வீட்டுச் சாப்பாட்டை மோந்து பார்த்துத்தான் சாப்பிட்டேன், நல்ல நாளிலும்கூட.

வீட்டில் இருக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு கூட்டம் உண்டு, அல்-அனான் என்று பெயர். 1951லிருந்து நடக்கிறது. அவர் வந்தாலும் வராவிட்டாலும் நீங்கள் போகலாம். என் மனைவி இரண்டு தடவை போனாள். "எல்லாரும் அழுவறாங்க, எனக்கு அதுக்கு நேரமில்லை" என்று நின்றுவிட்டாள். ஆனால் அங்கே பழக்கமான ஒரு அம்மாவோடு இன்றைக்கும் மணிக்கணக்கில் போன். என்ன பேசுகிறார்கள் என்று நான் கேட்பதில்லை.

தம்பிக்கு: கேட் வரைக்கும் இரண்டு வாரம் போய்த் திரும்பிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் எதிரே ஒரு கடையில் நின்று மூன்று எலுமிச்சை சோடா குடித்தவன்.

2024 செப்டம்பர் 14

உத்ராடப்பாச்சில், ஓணத்துக்கு முந்தின நாள் கடைசி நேர ஓட்டம். நாளைக்குத் திருவோணம். பீவரேஜ் வரிசை ரோடு வரை வந்துவிட்டது, போலீஸ் நின்று ஒழுங்குபடுத்துகிறது. எல்லாரும் ரொம்பப் பொறுமையாக நிற்கிறார்கள். ரேஷன் கடையில் இப்படி நின்று பார்த்ததில்லை.

கூட்டம் இன்றும் உண்டு, பண்டிகைக்கு முந்தின நாள் விடவே மாட்டார்கள். பதினேழு பேர், நாற்காலி போதாமல் இரண்டு பேர் திண்ணையில். யாரோ உப்பேரி (நேந்திரங்காய் சிப்ஸ்) கொண்டுவந்திருந்தார்கள்.

2024 நவம்பர் 3

தீபாவளி போன வியாழன், மறுநாள் ஒன்றாம் தேதி. இந்தச் சேர்க்கை வந்தால் என்ன செய்திருப்பேன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், உடனே விடை வந்தது. அந்த மூளை எங்கேயும் போகவில்லை.

தம்பி தீபாவளிக்கு மறுநாள் கூட்டத்துக்கு வந்தாராம். எங்கள் கூட்டமில்லை, வேறொன்று. இரண்டு வரி எழுதியிருக்கிறார். தமிழில் பேசினாராம், ஏழு நிமிஷம். கைச்செலவுக்கு வைத்திருந்த காசை மனைவியிடம் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு மட்டும் எடுத்துக்கொண்டு போனாராம். இது எனக்குத் தோன்றவே இல்லை, பழத்தைவிட நல்ல யோசனை.

எங்கள் பக்கம் வருகிறவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இனி ஏழுக்கு இல்லை, ஆறரைக்கு. எட்டேகால் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள், எட்டு மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். இடது பக்கம் இருக்கிற சின்ன கேட்டில் வாருங்கள், பெரிய கேட்டில் நாய் இருக்கிறது.